ஆறில் இரண்டு

கணக்கு ஆசிரியர் ஒருவர் தேவை என்று
பள்ளி வாசலில் ஒட்டினோம்.
முப்பத்தெட்டு விண்ணப்பங்கள்.
இருபத்தொன்று சுரங்கத்திலிருந்து.

அங்கே இப்போது லாரிகள் தாமாகவே இறங்குகின்றன,
முந்நூறு டன் தாமிரக் கல்லோடு
தாமாகவே ஏறி வருகின்றன.
குறுக்கே நாய் வந்தால் நிற்கின்றன;
நாய் போன பிறகும் கொஞ்சம் நிற்கின்றன.
ஓட்டுநர் இருக்கையை மட்டும் யாரும் கழற்றவில்லை.
அதில் புழுதி உட்கார்ந்து போய்வருகிறது.

அட்டகாமாவில் மழை என்பது கேள்விப்பட்ட விஷயம்.
வேலையும் அந்த வரிசையில் சேர்ந்தது.

முன்பென்றால் சிரமமே இல்லை.
மேயருக்கு ஒரு மச்சினன் இருப்பான்,
மச்சினனிடம் ஒரு சான்றிதழ் இருக்கும்,
மீதி பிள்ளைகளின் தலையெழுத்து.
அதை மாற்றச் சொல்லி
ஆறு வருடம் மனுப் போட்டவள் நான்தான், யாஸ்னா.
இப்போது விதி இது:
நிஜ வகுப்பு, நிஜப் பிள்ளைகள், இருபது நிமிடம்.
பின்வரிசைக் குட்டி நாற்காலிகளில்
முழங்கால் மார்பில் முட்ட
நாங்கள் மூன்று பேர், மடியில் மதிப்பெண் தாள்.

முதலில் வந்தவள் தங்கப் பதக்கக்காரி.
கரும்பலகையே அவள் கையெழுத்தில் அழகானது.
ஏன் அப்படி, என்றான் ஒரு பையன்.
விதி அப்படி, என்றாள்.
நான்கு என்று போட்டேன்.

நிபால்டோ ஏழாவது.
பத்தொன்பது வருடம் லாரி.
பிறகு இரவுக் கல்லூரி, நாற்பத்தாறில் பட்டம்.
இஸ்திரி மடிப்புக் கலையாமல் நடந்து வந்தார்.
என் தெருக்காரர்.
அவர் மனைவி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
முந்தின நாள் ரொட்டிக் கடை வரிசையில்
எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாள், அவ்வளவுதான்.

சரிவு, சுமை, பிரேக் சூடேறும் வாசனை என்று
அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாய் மூடவில்லை.
"டாங்கில் அரை இருந்தது. வழியில் கால் ஊற்றினேன்.
இப்போது எவ்வளவு?"

அனாயிஸ் எழுந்தாள்,
வருடம் முழுக்கக் கை தூக்காதவள்.
"ஆறில் இரண்டு."

மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு,
கீழே இரண்டும் நாலும் ஆறு.
ஊற்ற ஊற்றக் குறைந்துவிட்டது டாங்க்.

பலகையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.
சாக்பீஸ் விரலிடுக்கில் அப்படியே நின்றது.
"சரி," என்றார்.
"நல்லா சொன்னே. உட்காரம்மா."
வகுப்பே கைதட்டியது.

அந்தச் 'சரி' எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.
விடிகாலை நாலரைக்கு, சுரங்கப் பேருந்துக்குக் காத்திருந்தபோது
'நாளை முதல் வர வேண்டாம்' என்று
அவர் ஃபோனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.
அதற்குப் பிறகு இன்னொருவர் முகத்துக்கு நேரே
இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை போலும்.
புரிந்தது.
புரிந்தும்,
பிழை திருத்தல்: பூஜ்யம்.

இரக்கத்துக்கு ஒரு கட்டம் போட்டால் என்ன, என்றார் தலைமையாசிரியர்.
மச்சினன் நுழைந்ததும் அந்தக் கட்டம் வழியாகத்தான், என்றேன்.

சனிக்கிழமை நானே அழைத்தேன்.
கடிதம் போதும் என்றார்கள்தான்.
நாலரை மணி ஞாபகத்துக்கு வந்தது.

இல்லை என்றேன்.
எந்த இடத்தில், என்று கேட்டார்.
அரையும் காலும், என்றேன்.
"முக்கால்," என்றார் உடனே.
"தெரியும். அப்போதே தெரியும்."

ஃபோனுக்குள் காற்று.
எங்கள் ஊர்க் காற்று மாலையில் யாரையும் பேச விடாது.
வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"டீச்சர்,
அந்தப் பெண்ணிடம் அது தப்பு என்று
இதுவரை யாராவது சொன்னீர்களா?"

பின்வரிசையில் மூன்று பேர் இருந்தோம்.
தாளுக்கு எட்டுக் கட்டம்.
அனாயிஸ் இன்னும்
ஆறில் இரண்டோடுதான் இருக்கிறாள்.